ஒரே மூடியில் குடித்த டீ

பிளாஸ்க்கில் எடுத்துப் போகும் டீயைப் போடும் முறை வேறு, வீட்டில் உடனே குடிக்கும் டீயைப் போடும் முறை வேறு. இரண்டு ஆண்டுகள் பேருந்தில் போய்வந்துதான் இதைக் கற்றுக்கொண்டேன். ஏலக்காய் போடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் அது மருந்து வாசம் அடிக்க ஆரம்பித்துவிடும். இஞ்சியைத் தட்டிப் போடலாம், ஆனால் பால் பொங்கிய பிறகு. சர்க்கரை அரைக் கரண்டி குறைவாக. பிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்த பிறகுதான் டீயை ஊற்ற வேண்டும். கழுத்து வரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும்.

எங்கள் பிளாஸ்க் அரை லிட்டர். ஓர் ஆளுக்கு அது அதிகம், இரண்டு பேருக்குச் சரி. இப்போதும் கழுத்து வரைதான் நிரப்பிக்கொண்டு போகிறேன். மிச்சத்தை மாலையில் வந்து தொட்டியில் ஊற்றிக் கழுவுகிறேன்.

நான் கல்யாணமாகி வந்த ஊர் திருச்செங்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். மாமனாருக்கு நான்கு ஏக்கர் விவசாயக் காடும் மூன்று கறவை மாடுகளும். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் அங்கேதான். நான் சிவில் படித்தவள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. பாப்பா பிறந்த ஏழாம் மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். அவளைப் பார்த்துக்கொள்வது என் மாமியார்தான். “படிச்ச படிப்பு வீணாப் போகோணுமா சாமி, நீ போயிட்டு வா, புள்ளய நாம் பாத்துக்கறேன்” என்று அனுப்பிவைத்ததும் அவர்கள்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு அத்தையை யாரும் கெட்டவராக நினைத்துவிடக் கூடாது. நினைப்பதென்றால் என்னை முதலில் நினைக்கட்டும்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சேலம் வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதுகொண்டே போனேன். பாப்பா புட்டிப்பால் குடிப்பாளா, பால் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று அத்தை பார்ப்பார்களா, இவ்வளவு சின்னக் குழந்தையை விட்டுவிட்டு நான் எதற்குப் போகிறேன் என்று ஒன்று மாற்றி ஒன்று. சங்ககிரி போவதற்குள் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. புடவையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். சங்ககிரி பேருந்து நிலையத்தில் வண்டி ஐந்து நிமிடம் நிற்கும். அங்கே ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். என்னை ஒரு தரம் பார்த்தாள். தன் துப்பட்டாவைக் கழற்றி என் தோளில் குறுக்கே போட்டுவிட்டு மறுபடி இறங்கிப் போனாள். திரும்பி வந்து, ஜன்னல் வழியாக ஒரு டீயை நீட்டினாள்.

“குடிங்க. அழுதா இன்னும் கட்டிக்கும். எங்கக்காளுக்குக் கட்டிக்கிட்டுக் காய்ச்சலே வந்துருச்சு.”

பேப்பர் கப்பில் வந்த கடை டீ, சர்க்கரை தூக்கலாக. எங்கள் இருவருக்கும் நடுவில் வந்த முதல் டீயும் பேப்பர் கப்பில்தான் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

சேலத்தில் இறங்கி நடந்தோம். நான் திரும்பிய தெருவில் அவளும் திரும்பினாள். நான் நுழைந்த வாசலில் அவளும் நுழைந்தாள். நான் பேறுகால விடுப்பில் இருந்தபோது அதே அலுவலகத்தில் சேர்ந்தவளாம். “அப்ப இந்தத் துப்பட்டாவ சாயங்காலம் குடுத்தாப் போதும்” என்று சிரித்தாள்.

அவளுக்குப் பள்ளிபாளையம். அங்கிருந்து சேலத்துக்கு நேர் வண்டியே இருக்கிறது. அன்றைக்கு அந்த வண்டி வழியில் நின்றுவிட்டதால்தான் என் வண்டியில் ஏறினாள். அடுத்த வாரத்திலிருந்து, நேர் வண்டியில் வந்தாலும் சங்ககிரியில் இறங்கி நின்று, திருச்செங்கோட்டு வண்டி வந்ததும் அதில் ஏறிக்கொள்வாள். என் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். அவள் ஏறியதும் பிளாஸ்க்கைத் திறப்பேன். ஒரே மூடி. ஜன்னல் ஓரத்தில் இருப்பவளுக்கு முதல் பாதி, அடுத்தவளுக்கு மறு பாதி. வண்டி கிளம்புவதற்குள் குடித்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் மடியில் கொட்டும். மூடியைக் கழுவுவது, துடைப்பது எல்லாம் கிடையாது. அதற்கு நேரமும் இல்லை, அப்படி ஒன்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

“ஏனுங்க, ரெண்டு பேரும் என்ற வண்டியில டீக்கடையே போட்டுட்டீங்களாட்டம் இருக்குது” என்பார் நடத்துனர்.

“டிக்கெட் இல்லாம உட்டீங்கன்னா உங்களுக்கும் ஒரு டீ ஊத்தறோங்க” என்பாள் அவள்.

வேலையில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் போடும் மாடிப்படியில் ஆள் ஏறினால் தலை இடிக்கும் என்று கேலி செய்வாள். “உன்ற மாமனாரு குட்டையான ஆளாப்புள்ள?” என்பாள். இரண்டு மாதத்திலேயே நாங்கள் நீ, வா, போ என்று ஆகியிருந்தோம். பதினொரு மணிக்கு அலுவலகத்துக்கு எதிரே வாதாம் மரத்தடியில் இருக்கும் கடையில் ஒரு டீ. மாலையில் திரும்பும்போது புதிய பேருந்து நிலையத்தில் இன்னொன்று. பாப்பாவுக்கு முதல் பல் முளைத்ததும், என் பால் நின்றுபோனதும், கணவர் மூன்று நாட்களாகத் தொலைபேசியில் பேசாததும் எல்லாம் முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

அவள் என்ன சாதி என்று எனக்குத் தெரியும். நாங்கள் என்ன சாதி என்று அவளுக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் காடு வைத்திருப்பவர்கள் நாங்கள். அந்தக் காடுகளில் களை வெட்ட வருபவர்கள் அவளுடைய ஆட்கள். அவளுடைய அம்மா இப்போதும் காட்டு வேலைக்குப் போகிறார். இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. பேசத் தேவையில்லாத அளவுக்கு நெருக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவள் ஒன்றை மட்டும் அடிக்கடி கேட்பாள்.

“சங்ககிரி வரைக்கும் வந்து களைச்சுப் போன டீயவே குடிச்சிட்டிருக்கறேன். ஒரு நாளைக்கு உங்கூட்ல உக்காந்து, அடுப்புல இருந்து எறக்குன சூட்டோட குடிக்கோணும் புள்ள.”

“வா, வா. ஒரு நாளைக்கு வா” என்பேன். பிறகு பருத்தி எடுப்பு என்பேன், மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்பேன், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்பேன். இரண்டு ஆண்டுகள் இப்படியே ஓட்டினேன். அவள் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் மாட்டுக் கொட்டாயின் சுவரில் ஒரு மாடக்குழி இருக்கிறது. நான் கல்யாணமாகி வந்தபோது அதில் நான்கு அலுமினிய டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருக்கும். வேலைக்கு வரும் பெண்கள் அதை எடுத்து வந்து நீட்ட, அத்தை தூக்கிப் பிடித்து டீ ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். பார்க்காமல் உள்ளே போய்விடுவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த டம்ளர்கள் போய் அங்கே பேப்பர் கப்புகள் வந்தன. “கழுவற வேலையும் இல்ல, யாருக்கும் சங்கடமும் இல்ல. நல்லதாப் போச்சு” என்றார்கள் அத்தை. அப்போது எனக்கும் அது நல்ல மாற்றமாகத்தான் தெரிந்தது.

போன வருடம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாட்கள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் சனிக்கிழமை அவளிடமிருந்து அழைப்பு.

“நாளைக்குப் பாப்பாவப் பாக்க வாரேன்.”

“எதுக்குப்புள்ள சிரமம், நான் திங்கக்கெழம வந்துருவேன்…”

“காய்ச்சக்காரப் புள்ளயப் பாக்கறதுக்கு உன்றகிட்ட நாள் கேட்டுட்டு இருக்கோணுமா? வாரேன். டீ போட்டு வெய்யி.”

அன்று மாலை முழுக்க எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. அத்தையிடம் போய், அவளுக்கும் நம் டம்ளரில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லலாம். அவர்கள் மறுத்தால்? மறுக்காமல் முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டால்? திங்கட்கிழமை பாப்பாவை அவர்கள் கையில்தானே விட்டுவிட்டுப் போக வேண்டும்? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லாருக்கும் பேப்பர் கப்பில் கொடுத்துவிட்டால் வித்தியாசமே தெரியாது. யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கொட்டாயில் இருப்பது வெள்ளைக் கப். அது கூடாது என்று மருந்து வாங்குகிற சாக்கில் போய் மஞ்சள் பூப் போட்ட கப்பாகத் தேடி ஒரு கட்டு வாங்கி வந்தேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வந்தாள். பாப்பாவுக்கு ஒரு துணி யானையும் ஒரு டஜன் வாழைப்பழமும் கொண்டு வந்திருந்தாள். இதற்கு முன் கைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தாலும் பாப்பா அவளை அடையாளம் கண்டுகொண்டு நேராக மடியில் ஏறிக்கொண்டாள்.

“வாங்க சாமி, உக்காருங்க. எந்த ஊருங்க?” என்றார்கள் அத்தை.

“பள்ளிபாளையமுங்க.”

“பள்ளிபாளையத்துல எந்தப் பக்கமுங்க?”

நான் பாப்பாவின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்யக் குனிந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

“காலனிங்கம்மா” என்றாள் அவள். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. “அப்படீங்களா” என்றார்கள் அத்தை. பிறகும் நன்றாகத்தான் பேசினார்கள். காய்ச்சலுக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுத்ததைச் சொன்னார்கள். மாமனார் மழை பெய்யாததைப் பற்றிப் பேசினார். நான் அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். ஏலக்காய் போட்டேன். பிளாஸ்க்குக்குப் போகாத டீ, அவள் கேட்ட டீ. நான்கு பூப்போட்ட கப்புகளில் ஊற்றித் தட்டில் எடுத்து வந்தேன்.

முதலில் அவளுக்குக் கொடுத்தேன். அடுத்து மாமனாருக்கு நீட்டினேன். அவர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சாமி இது, கல்யாண மண்டபமாட்ட? எனக்கு டம்ளர்ல கொண்டா.”

“இன்னிக்கு ஒரு நாளைக்கு மாமா…” என்றேன்.

“பேப்பரு வாசந்தான் வருது, டீ வாசமே வரமாட்டீங்குது.”

அவர் மனதில் வேறு ஒன்றும் இல்லை. பேப்பர் கப் பிடிக்காத மனிதர், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாததா? தெரியும். கணக்கில் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன். அத்தை எழுந்து உள்ளே போய் மூன்று எவர்சில்வர் டம்ளர்களோடு வந்தார்கள். மாமனாரின் டீயை ஒன்றில் மாற்றிக் கொடுத்தார்கள். தங்களுடையதை இன்னொன்றில் மாற்றிக்கொண்டார்கள். பிறகு தட்டில் மிச்சம் இருந்த என் கப்பை எடுத்து, நான் தினமும் குடிக்கும் விளிம்பு நசுங்கிய டம்ளரில் ஊற்றி, “இந்தா சாமி” என்று என்னிடம் நீட்டினார்கள்.

நான் வாங்கிக்கொண்டேன்.

இது நடந்தது ஒரு நொடி. அந்த நொடியை நான் இத்தனை மாதங்களாக நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். “எனக்குக் கப்பே போதுங்கத்தை” என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. அல்லது டம்ளரை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு அவளுடைய கப்பை நான் எடுத்திருக்கலாம். இரண்டு வருடம் ஒரே மூடியில் குடித்தவர்கள்தானே. அல்லது எதுவுமே செய்யாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மாமியார் எதையாவது நீட்டினால் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பழகிய கை. அது போய் வாங்கிக்கொண்டது. குடிக்கவும் செய்தேன்.

நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேர் கையில் டம்ளர், அவள் கையில் மஞ்சள் பூ.

அவள் நிதானமாகக் குடித்தாள். “டீ நல்லா இருக்குதுங்கம்மா” என்று அத்தையைப் பார்த்துச் சொன்னாள். காலிக் கப்பை எங்கே போடுவது என்று கேட்டாள். “பின்னால, கொட்டாயோரமா கூடை இருக்குதுங்க” என்றார்கள் அத்தை. அவள் போன பிறகுதான் அந்தக் கூடை மாடக்குழிக்கு நேர் கீழே இருப்பது எனக்கு நினைவு வந்தது. போய் நிறுத்தவில்லை. அவள் திரும்பி வரச் சற்று நேரம் பிடித்தது. வந்து பாப்பாவை முத்தமிட்டாள். பேருந்து நிறுத்தம் வரை நானும் வருகிறேன் என்றேன். “காத்துல புள்ளயத் தூக்கிட்டு வராத” என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள்.

திங்கட்கிழமை ஏலக்காய் போடாத டீயைப் பிளாஸ்க்கில் நிரப்பிக்கொண்டு போனேன். பையை வைத்து இடம் பிடித்தேன். சங்ககிரியில் வண்டி ஐந்து நிமிடம் நின்றது. அவள் ஏறவில்லை. ஓர் அம்மா வந்து, “இது ஆளு வாரதுக்கா?” என்று கேட்டார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் எனக்கு முன்பே வந்து கணினியில் உட்கார்ந்திருந்தாள். “நேர் வண்டியே கெடச்சிருச்சுங்க” என்றாள். பாப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பதினொரு மணிக்கு நான் மூடியில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். “வேண்டாங்க. டீ வயித்துக்கு ஒத்துக்கறதில்ல. உட்டுட்டேன்” என்றாள். கோபம் இல்லாத குரல். ஒரு வாடிக்கையாளரிடம் பேசுவது போல அவ்வளவு மரியாதை.

கணவரிடம் தொலைபேசியில் சொல்லி அழுதேன். அவருக்குப் புரியவில்லை. “பேப்பர் கப்புல குடுத்தா என்ன? நாங்க இங்க தெனமும் அதுலதான் குடிக்கறோம். நீயா எதையாச்சும் நெனச்சுக்கற” என்றார். இரண்டு நாள் அதை நம்பிப் பார்த்தேன். ஒருவேளை அவளுக்கு நிஜமாகவே வயிறு சரியில்லையோ. ஒருவேளை அவள் எதையும் கவனிக்கவே இல்லையோ. மூன்றாம் நாள், மிச்சம் இருந்த பூப்போட்ட கப்புகளை அத்தை கொட்டாய் மாடக்குழியில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். “சும்மா கெடந்துதே சாமி, அதான்” என்றார்கள். களை வெட்ட வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து மஞ்சள் பூக் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, “கப்பு அழகா இருக்குதுங்கம்மிணி” என்றாள்.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் மதியம் வாடிக்கையாளர் ஒருவரை வழியனுப்ப வெளியே வந்தபோது, வாதாம் மரத்தடிக் கடையில் அவள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணாடி கிளாஸை மறைக்கவில்லை. நான் அவரை அனுப்பிவிட்டுச் சாலையைக் கடந்து போனேன்.

“வயித்துக்கு ஒத்துக்கலன்னு சொன்னியே.”

“ஆமா, சொன்னேன்.”

“என்றமேல கோவமா?”

அவள் இன்னொரு டீ சொன்னாள். அது வந்ததும் என்னிடம் தள்ளினாள். பிறகுதான் பேசினாள். அன்றைக்கு மட்டும் பழையபடி.

“நீ அந்தக் கப்பு வாங்குனதுல எனக்குக் கோவமில்லப்புள்ள. ராத்திரியெல்லாம் யோசிச்சிருப்ப. பூப் போட்டதாத் தேடி வாங்கியிருக்கற. பாத்ததுமே தெரிஞ்சுது. பாவம், எனக்காக எவ்வளவு கஷ்டப்படறான்னுதான் நெனச்சேன்.”

நான் கிளாஸைக் கை மாற்றிப் பிடித்தேன்.

“உங்கத்தையவும் சொல்ல மாட்டேன். அவங்க அப்படித்தான், தெரிஞ்சுதான் வந்தேன். ஆனா அவங்க டம்ளர நீட்டுனப்ப உன்ற கை போச்சு பாரு. அதான். நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு வண்டியில போகப் போக யோசிச்சேன். என்ற கை போயிருக்காது.”

“தப்புதான்” என்றேன். “பாப்பாவ அவங்க கையில உட்டுட்டு வாரேன். அந்தப் பயம்…”

“தெரியும். அதனாலதான் ஒன்னும் சொல்லல.”

“இன்னொரு நாளைக்கு வா. நானே என்ற டம்ளர்ல ஊத்தித் தாரேன். அத்தைகிட்டயும் சொல்லிடறேன்.”

அவள் கிளாஸில் இருந்த கடைசி மடக்கைக் குடித்தாள். “எனக்கு இந்தக் கடை போதும். இங்க எல்லாத்துக்கும் ஒரே கிளாஸு” என்றாள். இரண்டு கிளாஸையும் எடுத்துக்கொண்டுபோய் வைத்தாள்.

அத்தையிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று பல தடவை அடுப்படி வரைக்கும் போயிருக்கிறேன். அவர்கள் பாப்பாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருப்பார்கள். பாப்பா அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பாள். திரும்பி வந்துவிடுவேன்.

சில மாதங்கள் கழித்து அவள் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னாள். என்னால்தான் போகிறாளா என்று கேட்க வாய் வரவில்லை. அவள் போன பிறகு ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிபாளையத்துக்குப் போனேன். வார விடுமுறைக்கு வந்திருப்பாள், அவள் வீட்டில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும் என்று நினைத்தேன். தொலைபேசியில் சொன்னால் வேண்டாம் என்பாள் என்று சொல்லாமலே போனேன். அத்தையிடம் திருச்செங்கோட்டில் வேலை இருக்கிறது என்றேன். அதிலும் ஒரு பொய்.

அவள் இல்லை. அந்த வாரம் வரவில்லையாம். அவளுடைய அம்மாதான் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பாப்பாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சுருக்குப் பையைத் தேடினார்.

“உக்காருங்க சாமி. இருங்க, ஒரு எட்டுல போயிக் கலரு வாங்கியாந்தர்றேன்.”

எங்கள் ஆட்கள் யாராவது அவர்கள் வீட்டுக்குப் போக நேர்ந்தால் கடையில் மூடியோடு வாங்கிய குளிர்பானத்தைத்தான் கொடுப்பார்கள். வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்ல நேராமல் இருப்பதற்காக அவர்களாகவே கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி அது. நான் பூப்போட்ட கப் வாங்கியதும், இவர் சுருக்குப் பையைத் தேடியதும் ஒரே காரணத்துக்காகத்தான். ஆனால் நான் செய்தது என் நிம்மதிக்காக, இவர் செய்வது என் மனம் நோகக் கூடாது என்பதற்காக.

“கலரு வேண்டாங்கம்மா. டீ போட்டுக் குடுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “நெசமாவா?” என்றார். பிறகு பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, பரணிலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கி ஒரு புது எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். அடியில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டினார். மூன்று தடவை கழுவினார். அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினார்.

“உங்கூட்டு டீயப் பத்தித்தாங்க எப்பவும் பேசுவா. மாட்டுப் பாலு, இஞ்சி தட்டிப் போட்டு, அப்படி இருக்கும்மான்னு. உங்கூட்டுக்குப் போறேன்னு சொன்னப்ப எனக்குப் பயந்தானுங்க. எதுக்குச் சாமி போற, அங்கெல்லாம் போயி மனசு சங்கடப்பட்டுட்டு வரோணுமான்னு கேட்டேன். திரும்பி வந்ததும் மொதல்ல அதைத்தான் கேட்டேன், எதுல குடுத்தாங்கன்னு.”

நான் பாப்பாவின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

“எவர்சில்வர் டம்ளர்லதாம்மா குடுத்தாங்க, அவங்க குடிக்கற டம்ளர்லயேன்னு சொன்னா. எனக்கு அழுகையே வந்துருச்சு போங்க. எங்க காலம் மாதிரி இல்ல. நீங்கெல்லாம் நல்லா இருக்கோணும்.”

டீயை என் கையில் கொடுத்தார். ஆவி பறந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். மகள் சொல்லிக் கேட்டதை வைத்துப் போட்டிருப்பார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அவள் தன் அம்மாவுக்காகக் கட்டிக் கொடுத்ததை நான் இடித்திருப்பேன். சொல்லாததால், செய்யாத ஒன்றுக்கு அவருடைய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டேன். அன்றைக்கும் இரண்டு கையாலும்தான் வாங்கினேன்.

குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது. பாப்பா எட்டிப் பிடித்துத் தனக்கும் வேண்டும் என்றாள். அந்த அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆற்றி ஆற்றிக் கொடுத்தார்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா சாமி?”

“ஊத்துங்கம்மா” என்றேன்.

திரும்பும்போது பேருந்தில் பாப்பா மடியிலேயே தூங்கிவிட்டாள். கைபேசியை எடுத்துக் கோயம்புத்தூரில் இருந்தவளுக்கு எழுதினேன். உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன், அம்மா கையால் டீ குடித்தேன் என்று. அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கான இரண்டு கோடுகள் நீலமாகின. திருச்செங்கோடு மலை தெரியத் தொடங்கிய பிறகுதான் பதில் வந்தது.

“அம்மாகிட்ட ஒன்னும் சொல்லலையே?”

“இல்ல” என்று எழுதினேன்.

“சரிங்க.”

அதற்குப் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. நானும் எழுதவில்லை. சங்ககிரியில் வண்டி இப்போதும் ஐந்து நிமிடம் நிற்கிறது. பிளாஸ்க்கைத் திறந்து முதலில் பாதி மூடி ஊற்றிக் குடிக்கிறேன். அப்புறம் மறு பாதி.